'தெரியல'ன்னு சொல்லத் தெரியாத போன்

கடைப்பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் எழுதலன்னு வழக்கமான பொய்யையே இந்தத் தடவையும் சொல்லிக்கிறேன். நெஜம் என்னன்னா சோம்பேறித்தனம் :-) ஆனா இந்த மேட்டரை எழுதலன்னா எனக்குத் தூக்கம் வராது. கொஞ்சம் நீளமான பதிவு, கொஞ்சம் கோவமான பதிவு. டீயோ காப்பியோ எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். நமக்கு ஊரு கள்ளக்குறிச்சி. (விழுப்புரம் பக்கமான்னு கேக்கறவங்களுக்கு: 2019 நவம்பர்லயே நாங்க தனி மாவட்டம் ஆயிட்டோம் சாமி.) காலேஜ்ல கூடப் படிச்ச மூணு பயலுங்க சென்னையிலேர்ந்து வந்திருந்தானுங்க. "உங்க ஊர்ல பாக்கறதுக்கு என்னடா இருக்கு?"ன்னு ஒருத்தன் கேட்டுட்டான். ரோஷம் பொத்துக்கிட்டு வந்துச்சு. கல்வராயன் மலைக்குக் கூட்டிட்டுப் போறேன் பாருன்னு கெளம்பியாச்சு. கெளம்பும்போது எங்கப்பா சொன்னது ஒண்ணுதான், "பொழுது சாயறதுக்குள்ள எறங்கிடுங்கப்பா".

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைப் பாத்துட்டு மலை ஏறுற வரைக்கும் கார்ல ஒரே சண்டை. எதுக்குங்கறீங்க? எந்த போன் ஒசத்திங்கறதுக்கு! ஒருத்தன் லட்ச ரூபா போன் கட்சி. இன்னொருத்தன் "அந்த லட்சத்துல பாதிக்கு என்னுது நூத்தெட்டு மெகாபிக்சல்டா" கட்சி. மூணாவது ஆளு, போன் எதுவா இருந்தா என்ன, உள்ள இருக்கற ஆப்புதான் முக்கியம்னு தத்துவம் பேசற கட்சி. நான் கார் ஓட்டிக்கிட்டு எல்லாருக்கும் நடுவுல எண்ணெய் ஊத்தற கட்சி. சண்டை நடுவுல கச்சிராயபாளையத்துப் பேரை போன்ல இருக்கற அம்மணி கடிச்சுத் துப்புனதைக் கேட்டு எல்லாரும் சிரிச்சோம். அப்பவே ஒசார் ஆயிருக்கணும். ஊர்ப் பேரே சொல்ல வராத ஆளு கிட்ட எவனாவது வழி கேப்பானா?

கரியாலூர், வெள்ளிமலைன்னு சுத்திட்டு, திரும்பும்போது மணி நாலரை. வந்த வழியிலயே எறங்கியிருந்தா இந்தப் பதிவே இல்ல. தத்துவக் கட்சிக்காரன்தான் சொன்னான், "மச்சி, வேற வழி காட்டுதுடா, 25 நிமிஷம் மிச்சம்". எந்த ஆப்புன்னு சொல்லப் போறதில்ல. நான் சொல்ல வர்றது எல்லாத்துக்கும் பொருந்தும். உள்ளூர்க்காரன்னு எனக்குப் பேருதான் பெத்த பேரு, மலையில எனக்குத் தெரிஞ்சது ரெண்டே ரோடு. ஆனா அதைச் சொல்ல வெக்கம். போன் சொன்ன பக்கம் வண்டியைத் திருப்பிட்டேன்.

முதல்ல தார் ரோடு. அப்புறம் ஜல்லி. அப்புறம் செம்மண். ரெண்டு பக்கமும் குச்சிக்கிழங்குக் காடு. அப்புறம் மழைத்தண்ணி அறுத்துப் போட்ட பள்ளம். வண்டியோட அடிவயித்துல ஒரு கல்லு 'டங்'குன்னு அடிச்சப்பதான் நிறுத்தினேன். அம்மணி மட்டும் நிறுத்தல. வெள்ளிமலை பஸ் ஸ்டாண்டுல என்ன குரல்ல சொன்னாளோ அதே குரல்ல, "நேராகச் செல்லவும்".

நாலு போனையும் எடுத்துப் பாத்தோம். நாலுலயும் டவர் இல்ல. அவ்வ்வ்வ்... மூணு லட்ச ரூபா சாமான் டார்ச் லைட்டு ஆயிடுச்சு.

நல்ல வேளை, பின்னாடியே நாலஞ்சு ஆட்டை ஓட்டிக்கிட்டு ஒரு பெரியவர் வந்தாரு.

"எங்க சாமி போறீங்க?"

"கீழ எறங்கணும் பெரியவரே. இந்த வழி போவுங்களா?"

"இது மாட்டுத் தடமாச்சே. மழைக்கு முந்தி டிராக்டர் போச்சு. இப்ப அதுவும் போவாது."

நான் போனைக் காட்டி, "இதுல ரோடுன்னு காட்டுதுங்க"ன்னேன். அவரு எட்டிப் பாத்தாரு. சிரிக்கல, கிண்டல் பண்ணல. ரொம்ப சாதாரணமா ஒரு கேள்வி கேட்டாரு:

"அதுக்கு யாரு சொன்னது?"

பதில் சொல்லத் தெரியல எனக்கு. பேச்சை மாத்தி, "அந்தாண்ட ஊரு வழியா எறங்க முடியுமா?"ன்னு கேட்டேன். அவரு கொஞ்சம் யோசிச்சாரு. "அந்தப் பக்கம் நான் போயி ரெண்டு வருசம் ஆவுது சாமி. தெரியல. வந்த வழியே திரும்பிடுங்க, அது நிச்சயம்."

திருப்பிட்டோம். அதாவது, மூணு பேரு எறங்கித் தள்ள, பெரியவர் "லெப்ட்டுல ஒடி, இன்னும் ஒடி"ன்னு சொல்ல, ஒரு வழியா திருப்பினோம். நடுவுல அவரு சட்டைப் பையில இருந்த கீபேட் போன் அடிச்சுது. எடுத்து, "இதோ வந்துகிட்டு இருக்கேன், சுடுதண்ணி போடு"ன்னாரு. லட்ச ரூபா கட்சிக்காரன் மொகத்தைப் பாக்கணுமே :-)))

சரி, கதை முடிஞ்சுது. இனிமேதான் பதிவு.

*

அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு ஒரு பொட்டி தட்டுறவனா பதில் சொல்லிப் பாக்கறேன். அதுக்கு யாரு சொன்னது?

மேப் ஆப்புக்கு ரோடு எப்படித் தெரியுதுன்னா, பாதி செயற்கைக்கோள் படத்துலேர்ந்து, பாதி யாராவது வரைஞ்சு குடுத்ததுலேர்ந்து. மேலேர்ந்து பாத்தா செம்மண் தடமும் கோடுதான், சிமெண்ட் ரோடும் கோடுதான். நெரிசல் எங்க, எவ்வளவு வேகமா போகலாம்ங்கறது? அது நம்ம போனுங்க அனுப்புற தகவல். அண்ணா சாலையில ஆயிரக்கணக்கான போன் ஊர்ந்து போனா, அங்க டிராபிக்குன்னு அதுக்குப் புரிஞ்சிடும். ஆனா கல்வராயன் மலையில ஒரு மாட்டுத் தடத்துல எத்தினி போன் போவும்? போனாலும் டவர் இல்லாம என்னத்தை அனுப்பும்? அப்ப ஆப்பு என்ன பண்ணும்? இந்த வகை ரோடுன்னா மணிக்கு இத்தினி கிலோமீட்டர்னு ஒரு குத்துமதிப்பு வேகம் போட்டுக் கணக்குப் பண்ணும். கோடு எங்கயும் அறுந்து போகாம இருந்தா அதான் வழி. எங்களுக்குக் கெடச்ச '25 நிமிஷம் மிச்சம்' இப்படி வந்த கணக்காத்தான் இருக்கணும்.

இதுல தப்பு கணக்குல இல்ல மக்களே. தகவல் கம்மியா இருந்தா கணக்கு தப்பத்தான் செய்யும், அது இயற்கை. என் கோவம் எங்கன்னா, தகவல் கம்மிங்கறது அந்த ஆப்புக்கு உள்ளுக்குள்ள தெரியும். இந்த ரோட்டுல கடைசியா வண்டி எப்ப போச்சு, எத்தினி போச்சு, ஒண்ணாவது போச்சா, எல்லாம் எங்கயோ ஒரு சர்வர்ல இருக்கற விஷயம்தான். தெரிஞ்சும், அண்ணா சாலைக்குச் சொன்ன அதே குரல்ல மாட்டுத் தடத்துக்கும் "நேராகச் செல்லவும்"னு சொல்லுது பாருங்க, அதைத்தான் நான் பொய்யிங்கறேன்.

காட்ட முடியாதுன்னு சொல்லாதீங்க. மேப்புல உங்க இடத்தைக் காட்டற நீலப் புள்ளியைப் பாத்திருப்பீங்க. ஜிபிஎஸ் சரியா கெடைக்காதப்ப அந்தப் புள்ளியைச் சுத்தி ஒரு வெளிர்நீல வட்டம் பெருசா விரியும். அதுக்கு என்ன அர்த்தம்? 'நீ இந்த வட்டத்துக்குள்ள எங்கயோ இருக்க, எங்கன்னு எனக்கு நிச்சயமா தெரியல'ன்னு அர்த்தம். ஆக, நாம எங்க இருக்கோங்கறதுல சந்தேகம் இருந்தா நேர்மையா ஒத்துக்கத் தெரியுது. நாம போகப் போற வழியில சந்தேகம் இருந்தா மட்டும் ஏன் வாய் வரல?

அந்தக் காலத்து சர்வேக்காரங்களுக்கு இந்த நேர்மை இருந்துச்சு. இந்தியாவை முக்கோணம் முக்கோணமா அளந்த அந்தப் பெரிய சர்வே 1802ல நம்ம பரங்கிமலை பக்கத்துலதான் ஆரம்பிச்சுது, லாம்டன் துரை தலைமையில. சர்வே ஆஃப் இந்தியா போட்ட பேப்பர் மேப்பை எடுத்துப் பாருங்க. தார் ரோட்டுக்கு ஒரு குறி, மண் ரோட்டுக்கு ஒரு குறி, மாட்டுவண்டித் தடத்துக்கு ஒரு குறி, ஒத்தையடிப் பாதைக்கு இன்னொரு குறி. பாத்தவுடனே இதுல ஜீப்பு போவுமா, ஆளு மட்டும்தான் போவாங்களான்னு தெரிஞ்சிடும். பேப்பர்ல இருந்த அறிவு, பேசற போன்ல எங்கய்யா போச்சு?

*

"ஒரு செம்மண் ரோட்டுல மாட்டுனதுக்கு இவ்ளோ பில்டப்பா?"ன்னு கேப்பீங்க. நாங்க பம்பரோட தப்பிச்சோம். எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்ல.

2023 அக்டோபர்ல கேரளாவுல கோதுருத்துல, ராத்திரி, நல்ல மழை, கார் ஆத்துக்குள்ள போயி ரெண்டு இளம் டாக்டர்ங்க எறந்தாங்க. கூகுள் மேப்பைப் பாத்துத்தான் ஓட்டிட்டு வந்தாங்கன்னு போலீஸ் சொல்லிச்சு. 2024 ஜனவரியில நம்ம கூடலூர்ல, மேப்பு காட்டுன வேகமான வழியில போன ஒரு கார் படிக்கட்டுல எறங்கி நின்னுச்சு. ஊர்க்காரங்களும் போலீசும் சேந்து மீட்டாங்க. 2024 நவம்பர்ல உத்தரப் பிரதேசத்துல, பரேலி பக்கம் ராமகங்கா ஆத்துப் பாலம். வெள்ளத்துல ஒரு பக்கம் அடிச்சிட்டுப் போன பாலம். மேப்புல முழுசா இருந்துச்சு. கார் மேலேர்ந்து விழுந்து மூணு பேரு எறந்தாங்க.

உடனே ஒரு கோஷ்டி கெளம்பும். "பாலத்துல தடுப்பு வைக்காதது பொதுப்பணித்துறை தப்பு. கண்ணைத் தொறந்து ஓட்டாதது டிரைவர் தப்பு. ஆப்பு என்ன பண்ணும்?" இதுல பாதி சரி. அந்தப் பாலத்து வழக்குல பொதுப்பணித்துறை இன்ஜினியர்ங்க மேலயும்தான் கேஸ் போட்டாங்க, போடணும். தடுப்பு வைக்காதவனை நான் விட்டுக் குடுக்கல. ஆனா டிரைவரை மட்டும் திட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. நூறு தடவை சரியா சொன்ன ஆளை நூத்தியோராவது தடவை யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க. அந்த நூத்தியோராவது தடவை, 'இது எனக்கு அவ்வளவா பழக்கமில்லாத வழி'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, டிரைவர் கண்ணு தானா தொறந்திருக்கும். ராத்திரியில, மழையில, முன்னாடி கறுப்பா தெரியறது ரோடா தண்ணியான்னு எறங்கிப் பாக்கத் தோணியிருக்கும். எச்சரிக்கைன்னா அதுதான். 'பாத்து ஓட்டவும்'னு ஆப்பை இன்ஸ்டால் பண்ணும்போது பத்துப் பக்கத்துக்கு அடியில எழுதி வைக்கிறது எச்சரிக்கை இல்ல, வக்கீலுக்குக் குடுக்கற காப்பு.

செய்ய முடியாத விஷயமும் இல்ல. 2024 ஜூலையில கூகுள்காரங்களே ஒரு வசதி அறிவிச்சாங்க. படங்களைப் பாத்து ரோட்டோட அகலத்தைக் கணிச்சு, கார்ல போறவங்களைக் குறுகலான சந்துல விடாம காப்பாத்தற வசதி. நல்ல விஷயம், கை தட்டறேன். எங்க ஆரம்பிச்சாங்க? 8 நகரங்கள்ல. சென்னை, கோயம்புத்தூர், பெங்களூரு, ஐதராபாத்து அந்த லிஸ்டுல உண்டு. சந்துல மாட்டுனா சென்னைக்காரன் என்ன பண்ணுவான்? ரிவர்ஸ் எடுப்பான், நாலு பேரு திட்டுவான், ஒரு ஆட்டோக்காரர் வழி சொல்லுவாரு. மலையில மாட்டுனா? கேக்க ஆளு இருக்கற எடத்துக்கு முதல் மரியாதை, ஆளில்லாத எடத்துக்குக் கடைசிப் பந்தி!

*

இப்ப போன் கம்பெனிக்காரங்க கிட்ட வருவோம். அவங்களை விட்டா நம்ம கார் சண்டைக்கு அர்த்தமில்லாம போயிடும்.

புது போன் வந்தா நாம என்ன பேசறோம்? கேமரா, ஸ்கிரீனு, கேம் விளையாடுனா சூடாகுதா. விமர்சனம் பண்றவரு நல்ல டவர் கெடைக்கற ஊர்ல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு நெட் ஸ்பீடு காட்டுவாரு. டவர் பாதி செத்த எடத்துல இந்த போன் எவ்வளவு நேரம் பிடிச்சு நிக்கும்னு யாராவது சோதிச்சுப் பாத்து நீங்க பாத்திருக்கீங்களா? நான் ரொம்பத் தேடிட்டேன். ஆப்புக்குக் குடுக்கற நட்சத்திர மதிப்பெண்ணும் இதே கதைதான். ஒத்தை ஸ்டார் குடுக்கணும்னாலும் சிக்னல் வேணுமே! மலையில மாட்டிக்கிட்டவன் அப்ப மார்க் போட முடியாது. வீட்டுக்கு வந்தப்புறம் உசுரு தப்பிச்ச சந்தோஷத்துல மறந்துடுவான். அதனால நாம பாக்கற நாலரை ஸ்டாருங்கறது டவர் இருக்கற ஊரோட அபிப்பிராயம். வெள்ளிமலையோட அபிப்பிராயம் அதுல இல்ல.

பெரியவரோட கீபேட் போன் எப்படி அடிச்சுதுங்கறதுலயும் மந்திரம் ஒண்ணுமில்ல. அவரு சிம்மு வேற கம்பெனி, அந்தக் கம்பெனிக்கு அந்தப் பக்கம் டவர் இருக்கு. கூடவே, குறைஞ்ச அலைவரிசை ரொம்ப தூரம் போவும், மேடு பள்ளத்தைக் கொஞ்சம் சுத்திக்கிட்டும் வரும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் இந்த ரகம். விளம்பரத்துல வேகம் காட்டற 3500 மெகாஹெர்ட்ஸ் 5ஜி, டவர் பக்கத்துல இருந்தாத்தான் ராஜா. மலையடிவாரத்து ஊருக்காரங்க போன் வாங்கும்போது மெகாபிக்சலை விட்டுட்டு மெகாஹெர்ட்ஸைக் கேக்கணும். கடைக்காரரு முழிப்பாரு. பரவாயில்ல, கேளுங்க. நாலு பேரு கேட்டா அஞ்சாவது ஆளுக்குப் பதில் ரெடியா வச்சிருப்பாரு.

அரசாங்கம் ஒண்ணுமே பண்ணலன்னும் சொல்ல மாட்டேன். டவரே இல்லாத கிராமங்களுக்கு 4ஜி குடுக்க 2022 ஜூலையில மத்திய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய்க்குத் திட்டம் ஒப்புக்கிட்டுச்சு. அரசுப் பணத்துல வச்ச டவரை எல்லாக் கம்பெனி சிம்மும் பகிர்ந்துக்கலாம்னு 2025 ஜனவரியில ஒரு ஏற்பாட்டையும் ஆரம்பிச்சாங்க. என்னைக் கேட்டா, போன் விளம்பரத்துல வர்ற அத்தனை புதுமையையும் விட இதுதான் பெரிய புதுமை. ஆனா இதைப் பத்தி எந்த வாட்சப் குரூப்புலயாவது ஒரு சண்டை நடந்துச்சா?

*

இன்னொரு கட்சி இருக்கு. "வெளிநாட்டுக்காரன் ஆப்புக்கு என்ன தெரியும் நம்ம மலையை? சுதேசிக்கு மாறு!" 2024ல ஓலா சொந்தமா மேப்பு கொண்டாந்துச்சு. 2025 அக்டோபர்ல மத்திய அமைச்சரே மேப்பிள்ஸை ஓட்டிப் பாருங்கன்னு சொன்னாரு. நம்ம ஜோஹோவோட அரட்டையை ஊரே இறக்கிப் பாத்ததும் அந்தச் சமயத்துலதான். எனக்கும் சந்தோஷம்தான், நானும் இறக்கினேன். 2021 பிப்ரவரியில மத்திய அரசு மேப்பு எடுக்கற விதிகளைத் தளர்த்தினதும் நம்ம கம்பெனிங்களுக்கு நல்லதுதான்.

ஆனா என் கேள்வி பாஸ்போர்ட்டைப் பத்தி இல்ல. உன் ஆப்பு எந்த நாட்டுதா இருந்தாலும் சரி, தெரியாத எடத்துல தெரியலன்னு சொல்லுதா இல்லையா? சுதேசி அம்மணியும் பள்ளத்தைப் பாத்து "நேராகச் செல்லவும்"னு செந்தமிழ்ல சொன்னா எனக்கு என்ன லாபம்? பம்பர் அதே பம்பர்தானே.

இந்த மலையோட கதை தெரிஞ்சவங்களுக்கு என் கோவம் இன்னும் கொஞ்சம் புரியும். நாடு சுதந்திரம் அடைஞ்சப்புறமும் கல்வராயன் மலை ஜாகிர்தாரர்ங்க கையிலதான் இருந்துச்சு. 1976லதான் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சி கருணாபுரத்துல விஷச்சாராயம் குடிச்சு அறுபது பேருக்கு மேல செத்தப்பதான் பல பேருக்கு இந்த மலை பேரே தெரிஞ்சுது, அதுவும் சாராய மலைன்னு. அதுக்கப்புறம் உயர் நீதிமன்றமே தானா வழக்கு எடுத்து, அங்க இருக்கற பழங்குடி ஜனங்களுக்கு அடிப்படை வசதி என்ன செஞ்சீங்கன்னு கேட்டுச்சு. இத்தினி வருசம் யாரும் சரியா பாக்காத ஒரு மலையைப் பத்தி, எல்லாம் தெரிஞ்ச மாதிரி ஒரு போன் பேசுது. அதை நம்பி புதுசா மாத்தலாகி வந்த ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் மாட்டுத் தடத்துல திரும்பினா என்ன ஆகும்? நாங்க தொலைச்சது ஒரு மணி நேரமும் பம்பரும். பிரசவ வலியில இருக்கற பொண்ணுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெருசு!

*

இப்ப ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இதைச் சொல்லலன்னா இந்தப் பதிவு யோக்கியமா இருக்காது.

ரெண்டு வருசம் முன்னாடி நான் வேலை பாத்த எடத்துல ஒரு ஸ்கிரீன் எழுதினேன். சாமான் எப்ப வந்து சேரும்னு காட்டற ஸ்கிரீன். உள்ளேர்ந்து வர்ற கணக்கு, '20லேர்ந்து 55 நிமிஷத்துக்குள்ள'ன்னு சொல்லும். நான் அதை அப்படியே காட்டினேன். மீட்டிங்ல ஒருத்தர் சொன்னாரு, "இது பாக்க நம்பிக்கை வர்ற மாதிரி இல்லையே, ஒரே நம்பரா காட்டுங்க". நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. ரெண்டுத்தையும் கூட்டி ரெண்டால வகுத்து '37 நிமிஷம்'னு போட்டேன். ரெண்டு வரி மாத்தம். சாயங்காலம் எல்லாரும் சேந்து டீ குடிச்சோம்.

மலையில அந்தப் பள்ளத்துக்கு முன்னாடி நின்னப்ப எனக்கு ஞாபகம் வந்தது அந்த 37தான். அம்மணி வாயில "நேராகச் செல்லவும்"னு போட்டது வில்லன் இல்ல. என்னை மாதிரி எவனோ ஒரு பொட்டி தட்டுறவன், ஏதோ ஒரு மீட்டிங்ல, வாயை மூடிக்கிட்டு ரெண்டு வரி மாத்தியிருப்பான்.

அதனால மொதல் கோரிக்கை என் இனத்துக்கு. அடுத்த தடவை மீட்டிங்ல "நிச்சயமில்லன்னு காட்டினா யூசர் பயந்துடுவான்"னு எவனாவது சொன்னா, பயப்பட வேண்டிய எடத்துல பயப்படறது நல்லதுதான்னு சொல்லுங்க. கோட்டைப் புள்ளிப் புள்ளியா போடுங்க. வேற கலர்ல போடுங்க. "இந்த வழியில வண்டி போன தகவல் எங்களிடம் இல்லை"ன்னு அம்மணியைச் சொல்ல வைங்க. ரெண்டு வரிதான்.

மத்தவங்களுக்கு, மலை ஏறுறதுக்கு முன்னாடி:

1. மேப்பைக் கீழயே டவுன்லோடு பண்ணி வச்சுக்கோங்க. டவர் இல்லன்னா ஜிபிஎஸ் வேலை செய்யாதுங்கறது தப்பு. ஜிபிஎஸ் வானத்துலேர்ந்து வருது, சிம்முக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. டவர் இருந்தா சீக்கிரம் புடிக்கும், இல்லன்னா கொஞ்சம் மெதுவா புடிக்கும், அவ்வளவுதான். டவர் இல்லாம காணாம போறது புள்ளி இல்ல, புள்ளிக்கு அடியில இருக்கற மேப்பு.

2. ஓபன்ஸ்ட்ரீட்மேப்னு ஒண்ணு 2004லேர்ந்து இருக்கு. யாரு வேணா வரையலாம், யாரு வேணா எடுத்துக்கலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் மாதிரி ஆப்பு எல்லாம் அதை வச்சுத்தான் ஓடுது, டவர் இல்லாமயும் ஓடும். முக்கியமா, அதுல ஒரு தடத்தை மாட்டுத் தடம்னே குறிக்க வழி இருக்கு. உங்க ஊரு தடத்தை நீங்களே குறிச்சு வைங்க. கூகுளோட மேப் மேக்கர்ல நம்ம ஜனங்க ஆசை ஆசையா ஊரு ஊரா வரைஞ்சாங்க. 2017ல அந்தக் கடையை மூடிட்டாங்க. இதுவாவது நம்ம கையில இருக்கட்டும்.

3. உங்க சிம்முக்கு டவர் இல்லன்னாலும் ஆபத்துன்னா 112 அடிச்சுப் பாருங்க. பக்கத்துல எந்தக் கம்பெனி டவர் கெடச்சாலும் அதைப் புடிச்சுப் போக முயற்சி பண்ணும்.

4. கண்ணாடியை எறக்கி ஆளைக் கேளுங்க. இது ஒண்ணும் கௌரவக் குறைச்சல் இல்ல. "தெரியல"ன்னு ஒருத்தர் சொன்னா சலிச்சுக்காதீங்க. அவருக்கு அஞ்சு ஸ்டாரு குடுங்க.

வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா அந்தத் தடத்தை ஓபன்ஸ்ட்ரீட்மேப்புல 'மாட்டுத் தடம், கார் போகாது'ன்னு குறிச்சேன். பத்து நிமிஷ வேலை. அதுக்கு யாரு சொன்னதுன்னு இனிமே யாராவது கேட்டா, என்கிட்ட பதில் இருக்கு. ஆட்டை ஓட்டிக்கிட்டு வந்த ஒரு பெரியவர் சொன்னாரு.

டிஸ்கி 1: பம்பர் செலவு நாலு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம். தத்துவக் கட்சிக்காரன் மட்டும் ரெண்டு பங்கு.

டிஸ்கி 2: எந்த போன் ஒசத்திங்கற சண்டை திரும்பி வரும்போது நடக்கல. எல்லாரும் ஜன்னல் வழியா ரோட்டைப் பாத்துக்கிட்டு வந்தானுங்க.